‘இப்ப என்ன ஆல்பம் ஓடுது?’ – கேட்பதைப் பகிரும் குழு நடத்த முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் குழுவில் ஒருவர் ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் போட்டு, ‘செம, கேட்டுப் பாருங்க’ என்று எழுதுவார். நாலு பேர் இதயக்குறி போடுவார்கள். ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் இரண்டு மாதத்தில் காலை வணக்கக் குழுவாகிவிடுகின்றன.

ரசனைக் குறைவு இதற்குக் காரணமில்லை. எந்தப் பதிப்பைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, எந்த இடத்தில் காதைக் கொடுப்பது என்று சொல்லாமல் விட்டதுதான் காரணம். வாரம் ஒரு ஆல்பம், ஐந்தாறு பேர் என்ற கணக்கில் இதை ஒழுங்காக நடத்தும் முறை கீழே. வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஐந்தாவது படியில் சண்டை போடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள் ஐந்து முதல் எட்டு வரை போதும். ஐந்துக்குக் குறைந்தால் ஒருவர் ஊருக்குப் போனாலே அந்த வாரம் படுத்துவிடும். எட்டைத் தாண்டினால் ஆல்பம் தேர்ந்தெடுக்கும் முறை ஒருவருக்குத் திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் ஆர்வம் ஆறிவிடும்.

பேசுவதற்கு ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு, பதிவு வைக்க எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட். இரண்டும் தனித்தனியாக இருப்பது முக்கியம். அரட்டையில் போட்ட ஆல்பம் பெயர் பத்து நாளில் மேலே போய்ப் புதைந்துவிடும், பிறகு தேடி எடுக்க முடியாது.

யார் எந்தச் செயலியில் கேட்கிறார்கள் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், ஜியோசாவன் என்று ஆளுக்கொன்று இருக்கும். ஒன்றின் இணைப்பு மற்றொன்றில் திறக்காது. ஒரு இணைப்பைக் கொடுத்தால் எல்லாச் செயலிகளுக்குமான இணைப்புகளையும் ஒரே பக்கத்தில் தரும் சாங்லிங்க் போன்ற சேவையைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தரும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். பழைய தமிழ்த் திரைப்பட ஆல்பங்களில் அது வேறு தொகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதுண்டு.

2. ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் மாதத்துக்கு 50 நிமிடத்துக்குள் முடியும் ஆல்பங்களாகப் பாருங்கள். எல்.பி. என்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடமே கொள்ளும் என்பதால், அந்தக் காலத்து ஆல்பங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். பேருந்திலோ மின்சார ரயிலிலோ ஒரு வழிப் பயணத்தில் கேட்டு முடிக்கலாம்.

‘பெஸ்ட் ஆஃப்’, ‘ஹிட்ஸ்’ தொகுப்புகள் வேண்டாம். அவற்றின் வரிசையை அமைத்தது கலைஞர் இல்லை. ஒரு பாட்டுக்கு அடுத்து இன்னொன்று ஏன் வருகிறது என்று பேச அங்கே இடமே இருக்காது.

திரைப்பட ஆல்பங்களை எடுக்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. இப்போதெல்லாம் படம் வரும் முன்பே பாட்டுகள் ஒவ்வொன்றாக ‘சிங்கிள்’ என்று வெளியாகி, தனித்தனிப் பக்கங்களாகச் செயலியில் கிடக்கும். முழு ஆல்பம் வேறு பக்கம், பின்னணி இசை சில மாதம் கழித்து வரும் இன்னொரு பக்கம். மூன்றில் எது என்று சொல்லாவிட்டால் ஒருவர் மூன்று பாட்டும் மற்றவர் இருபது துண்டும் கேட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

கர்நாடகக் கச்சேரிப் பதிவை ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியை முதல் வாரம் தொடக்கத்தில் வரும் வர்ணத்திலிருந்து பிரதான உருப்படிக்கு (கச்சேரியின் மையப் பாட்டு) முன்வரை, அடுத்த வாரம் பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியத் தனி), துக்கடாக்கள் (கடைசியில் வரும் சிறு பாடல்கள்) என்று பிரித்துக் கொள்ளலாம். சி.டி.யாக வந்ததென்றால் பெரும்பாலும் இரண்டு தட்டாக இருக்கும், அந்தப் பிரிவையே வாரக் கணக்காக வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

3. பதிப்பை உறுதி செய்வது

பலரும் அலட்சியமாகத் தாண்டும் படி இதுதான். இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் பிறகு வரும் பாதி வாக்குவாதங்கள் வராது.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அது மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு நாள்களில் நியூயார்க்கில் பதிவானது. முதல் நாள் ஓடிய நாடாப் பதிவுக் கருவியின் வேகம் சற்றுக் குறைவாக இருந்தது. மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைந்து, சுருதியும் ஏறிவிடும். அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் பல்லாண்டுகள் சுருதி கூடியே விற்பனையாயின. 1990களில் வந்த மறுவெளியீடுகளில்தான் அது திருத்தப்பட்டது. இன்றும் பழைய எல்.பி. வைத்திருப்பவரும் செயலியில் கேட்பவரும் ஒரே பாட்டுக்கு வாத்தியம் எடுத்து உட்கார்ந்தால் இருவருக்கும் சுருதி சேராது.

அதே ஆல்பத்தின் பிந்தைய பதிப்புகளில் ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ இரண்டாம் முறை, வேறு வாசிப்பாக, கடைசியில் சேர்ந்திருக்கும். அசல் ஆல்பத்தில் ஐந்து பாட்டுகளே. ‘முடிவு இழுவையாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்டது ஆறா ஐந்தா என்று முதலில் கேளுங்கள்.

சரிபார்க்கும் முறை இது:

முதலில் டிஸ்காக்ஸ் அல்லது மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் ஆல்பத்தைத் தேடுங்கள். இரண்டிலும் ஒரு ஆல்பத்தின் கீழ் அதன் எல்லா வெளியீடுகளும் ஆண்டு, நாடு, தட்டு எண்ணோடு பட்டியலாக இருக்கும். முதல் வெளியீட்டின் பாட்டு வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செயலியில் இருக்கும் பக்கத்தின் பாட்டு எண்ணிக்கையையும் மொத்த நேரத்தையும் அதோடு ஒப்பிடுங்கள். நேரம் ஓரிரு நிமிடம் வேறுபட்டால் கவலையில்லை. பத்து நிமிடம் கூடினால் கூடுதல் பாட்டு இருக்கிறது, எந்த எண்ணோடு நிறுத்த வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக, செயலி காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளில் அது பெரும்பாலும் நிறுவனம் கோப்பை ஏற்றிய ஆண்டாகவே இருக்கிறது. 80களின் படம் 2010களில் வந்ததாகக் காட்டும். படம் வெளியான ஆண்டைத் தனியாகத் தேடி எழுதுங்கள்.

கடைசியாக மொழி. ‘ரோஜா’ (1992) போல தமிழிலும் இந்தியிலும் வந்த ஆல்பங்களுக்கு ஒரே அட்டைப்படம், ஏறக்குறைய ஒரே பெயர். குழுவில் சென்னைக்காரரும் டொரண்டோக்காரரும் இருந்தால், தேடியதும் மேலே வருவது ஆளுக்கொன்றாக இருக்க வாய்ப்புண்டு.

‘ரீமாஸ்டர்’ என்பதும் ‘ரீமிக்ஸ்’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் குழுவுக்குச் சொல்லி வையுங்கள். ரீமாஸ்டரில் முடிந்த கலவையின் ஒலி அளவும் தொனியும் மட்டும் மாறும். ரீமிக்ஸில் பல தடங்களை மறுபடி பிரித்துக் கலந்திருப்பார்கள். பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ (1969) ஆல்பத்துக்கு 2019இல் வந்தது ரீமிக்ஸ். குரல் எந்தக் காதுப்பக்கம் நிற்கிறது என்பதே அதில் மாறக்கூடும்.

4. செயலியைத் தயார் செய்வது

வாங்கியபடியே இருக்கும் அமைப்புகள் பாட்டுப் பட்டியல் கேட்பவருக்காகச் செய்தவை. ஆல்பம் கேட்க அவற்றில் சிலவற்றை மாற்றியாக வேண்டும்.

ஷஃபிளை அணையுங்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஆல்பத்தில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ முடிந்ததும் ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’ வரும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கை வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று தலைப்புகளே ஒரு வாக்கியமாக ஓடுகின்றன. ஷஃபிளில் பேச்சு முதலிலும் சந்திப்பு பிறகும் வந்தால் என்ன அர்த்தம்? இலவசத் திட்டத்தில் ஷஃபிளை அணைக்க முடிகிறதா என்று வாரம் தொடங்கும் முன்பே பாருங்கள். முடியாதென்றால் அந்த ஒருவர் வேறு செயலியில் கேட்கட்டும்.

‘கிராஸ்ஃபேடு’ பூச்சியத்தில் இருக்கட்டும். இது ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும். மாறாக ‘கேப்லெஸ்’ இயங்க வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ (1973) போன்ற ஆல்பங்களில் ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் இடைவெளியின்றி நுழைகிறது. கேப்லெஸ் இல்லையென்றால் நடுவில் ஒரு வெட்டுக் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கிராஸ்ஃபேடை 12 நொடியில் வைத்திருப்பவர்கள் ஏராளம்.

‘ஆட்டோபிளே’யை அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு பாட்டைப் போடும். கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் அமைதியும் ஆல்பத்தைச் சேர்ந்ததுதான். அதோடு, தானாக வந்த பாட்டையும் சேர்த்து ‘கடைசிப் பாட்டு ஒட்டவில்லை’ என்று எழுதியவர்களும் உண்டு.

ஒலி அளவைச் சமப்படுத்தும் ‘நார்மலைசேஷன்’ இருந்தால் இருக்கட்டும், ஆனால் ஆல்பத்தை அதன் சொந்தப் பக்கத்திலிருந்தே ஓட்டுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாக ஓட்டினால் முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவில் ஏற்ற இறக்கம் செய்யும். அதனால் மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். அதே பாட்டுகளைப் பிளேலிஸ்ட்டில் போட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமன் செய்யும். வயலின் தனியும் முழு வாத்தியக் கூட்டமும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். வசதிக்காக ஆல்பத்தைப் பிளேலிஸ்ட்டாக மாற்றிக் குழுவுக்கு அனுப்பும் பழக்கத்தை இதனால்தான் விட வேண்டும்.

ஈக்வலைசர், ‘பாஸ் பூஸ்ட்’, இயர்போன் செயலியில் ஒளிந்திருக்கும் முப்பரிமாண ஒலி எல்லாவற்றையும் அணையுங்கள். அணைத்ததும் முதல் பத்து நிமிடம் சப்பென்று இருக்கும், காது பழகிக்கொள்ளும்.

தரமும் டேட்டாவும்: 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் 45 நிமிட ஆல்பம் சுமார் 108 எம்.பி. வரும். 96இல் வைத்தால் 32 எம்.பி.தான், ஆனால் சிம்பலும் ஜால்ராவும் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் குழையும். சி.டி. தரத்து லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கியது) என்றால் அதே ஆல்பம் 250 எம்.பி. அளவுக்குப் போகும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். புளூடூத் இயர்போனுக்கு ஒலி பெரும்பாலும் மறுபடி சுருங்கித்தான் போகும் என்பதால், அதற்காக லாஸ்லெஸ் திட்டத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கம்பி உள்ள ஹெட்ஃபோன் இருந்தால் அந்தப் பணத்துக்கு அர்த்தமுண்டு.

5. இரண்டு முறை கேட்பது

முதல் தடவை குறிப்பு எடுக்காதீர்கள். இடையில் நிறுத்தாதீர்கள், பாட்டைத் தள்ளாதீர்கள். பிடிக்காத பாட்டும் ஓடட்டும். எழுத உட்கார்ந்தால் காது அடுத்து எழுத வேண்டிய விஷயத்தைத் தேட ஆரம்பிக்கும், பாட்டு கடந்து போய்விடும்.

இரண்டாவது தடவைக்கு ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். இந்த முறை பாட்டின் எண், நேரம், ஒரு சொல். ‘1 – 1:30 – சிம்பல்’ என்ற அளவு போதும். ஒரு ஆல்பத்துக்கு ஐந்தாறு குறிப்புக்கு மேல் சேர்ந்தால் எழுதும்போது பட்டியல்தான் வரும்.

யூடியூபில் நிறுவனங்கள் ஏற்றும் ‘ஜூக்பாக்ஸ்’ காணொளியில் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே நேரம் மொத்தக் காணொளிக்கும் தொடர்ச்சியாக ஓடும். நீங்கள் 14:20 என்று எழுதினால் செயலியில் கேட்பவருக்கு அப்படியொரு இடமே இருக்காது. பாட்டின் தொடக்க நேரத்தைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

எல்.பி. காலத்து ஆல்பமென்றால் முதல் பக்கம் முடியும் இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திக்கொள்ளலாம். தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியை மனத்தில் வைத்துத்தான் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டைத் தேர்ந்தார்கள். அந்த நிறுத்தமில்லாமல் கேட்டால் ஆறாவது பாட்டு திடீரென்று உரக்கத் தொடங்குவது ஏனென்று புரியாது.

6. பகிர்வுக் குறிப்பு எழுதுவது

நூறு சொல்லுக்குள். அதற்கு மேல் போனால் கைப்பேசியில் ‘மேலும் படிக்க’ என்று மடங்கிவிடும், பலர் மடிப்பைத் திறக்க மாட்டார்கள். இந்த வரிசையில் எழுதுங்கள்: கலைஞர், ஆல்பம், ஆண்டு, எந்தப் பதிப்பு, எத்தனை பாட்டு, எவ்வளவு நேரம், காதைக் கொடுக்க வேண்டிய ஓரிரு இடங்கள், நேரத்தோடு, கடைசியில் ஒரு கேள்வி.

மாதிரிக்கு ஒன்று:

‘மைல்ஸ் டேவிஸ், கைண்ட் ஆஃப் ப்ளூ, 1959. வேகம் திருத்திய பதிப்பு, முதல் ஐந்து பாட்டு மட்டும், சுமார் 45 நிமிடம். முதல் பாட்டு ஸோ வாட்: பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் உலவித் தொடங்கும். பிறகு மெட்டை பேஸ் எடுத்துச் சொல்ல, மற்றவை இரண்டே நறுக்கில் பதில் தரும். 1:30 வாக்கில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி அடிப்பார், அதன் அதிர்வு அடங்கும் முன் டிரம்பெட் தனி ஆரம்பித்துவிடும். பாட்டு நிற்கும் டோரியன் என்ற மேற்கத்திய சுர அடுக்கில் நம் கரகரப்பிரியாவின் அதே ஏழு சுரங்கள். கமகம் இல்லாமல் அந்தச் சுரங்கள் எப்படி நடக்கின்றன என்று கவனியுங்கள். கேள்வி: இரண்டாவது பாட்டில் மட்டும் பியானோ பில் எவான்ஸ் இல்லை, வின்டன் கெல்லி. வித்தியாசம் காதுக்குத் தெரிந்ததா?’

கேள்வி கட்டாயம். ‘பிடித்ததா?’ என்பது கேள்வியில் சேராது, அதற்கு ஆம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தை மறுபடி கேட்டால்தான் பதில் சொல்ல முடியும் என்பதாக இருக்க வேண்டும்.

புதியவர்கள் வழுக்கும் இடங்கள் நாலு. ஒன்று, ‘மெய்சிலிர்க்க வைக்கும்’, ‘காலத்தை வென்ற’ போன்ற அடைமொழிகள். எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும் சொல் எந்த ஆல்பத்தையும் காட்டாது. இரண்டு, கலைஞரின் வாழ்க்கை வரலாறு, அதை எல்லோரும் தேடிப் படித்துக்கொள்வார்கள். மூன்று, பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண். மதிப்பெண் போட்டதும் பேச்சு இசையை விட்டு எண்ணுக்குத் தாவிவிடும். நாலாவது, வாசித்தவர்களின் பெயரை விடுவது. ‘ஹவ் டு நேம் இட்’ பற்றி எழுதிவிட்டு வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனைக் குறிப்பிடாவிட்டால் பாதி ஆல்பத்தை விட்டதாகத்தான் அர்த்தம். கச்சேரிப் பதிவென்றால் பக்கவாத்தியக்காரர் பெயர்களும், ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், வாக்கேயக்காரரும் (பாடலை இயற்றி இசையமைத்தவர்) வேண்டும்.

7. வாரத்தின் ஓட்டம்

சனிக்கிழமை காலை, முறைக்காரர் (அந்த வாரம் ஆல்பம் தேர்ந்தெடுக்கும் முறை வந்தவர்) ஆல்பத்தின் பெயரையும் பதிப்பு விவரத்தையும் இணைப்பையும் மட்டும் போடட்டும். குறிப்பு அப்போது வேண்டாம். முன்கூட்டியே படித்தால் எல்லோரும் அவர் காதால்தான் கேட்பார்கள்.

செவ்வாய்க்குள் முதல் கேட்பு. புதன் இரவு முறைக்காரரின் குறிப்பு வரும். அதைப் படித்துவிட்டு இரண்டாவது கேட்பு, வெள்ளி இரவுக்குள் பதில்கள். வெள்ளிவரை ‘பிடிச்சிருக்கு, பிடிக்கல’ பேச்சுக்குத் தடை போடுங்கள். குழுவில் குரல் ஓங்கியவர் ஞாயிறன்றே ‘மொக்கை’ என்று சொல்லிவிட்டால் மற்ற மூவர் ஆல்பத்தைத் திறக்கவே மாட்டார்கள்.

பதிலில் ஒரு பாட்டு எண்ணும் ஒரு நேரமும் இருந்தால்தான் கணக்கு. குரல்செய்தி அனுப்புவோருக்கு 90 நொடி எல்லை வையுங்கள். பாட்டை வாயால் முணுமுணுத்துக் காட்ட வசதியென்பதால் குரல்செய்தியை முற்றாகத் தடுக்க வேண்டாம்.

வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் அழைப்பில் சேர்ந்து கேட்கலாமென்று யாராவது சொல்வார்கள். இணைய அழைப்பு பேச்சுக்காகச் சீரமைத்த ஒலியைத்தான் கடத்தும், இசையை இரைச்சலென்று நினைத்து வெட்டும். தனித்தனியே கேட்டுவிட்டு அழைப்பில் பேசுவது நல்லது.

8. பதிவேடு

ஷீட்டில் எட்டுப் பத்தி: தேதி, முறைக்காரர், கலைஞர், ஆல்பம், அசல் ஆண்டு, கேட்ட பதிப்பு, எத்தனை பேர் கேட்டார்கள், அதிகம் பேசப்பட்ட பாட்டு. கடைசிப் பத்திதான் ஒரு வருடம் கழித்துப் பயன்படும். குழுவின் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் தெரியும், அடுத்த தேர்வை எதிர்ப்பக்கம் தள்ளலாம்.

கேட்டதைத் தானாகப் பதியும் லாஸ்ட்.எஃப்எம் கணக்கு இருந்தால் உதவும், ஆனால் அதைச் சாட்சியாக வைக்காதீர்கள். பாட்டின் பாதியோ நாலு நிமிடமோ, எது முந்துகிறதோ அதுவரை ஓடினால் அது ‘கேட்டது’ என்று பதிந்துவிடும். ஒன்பது நிமிடப் பாட்டை நாலாவது நிமிடத்தில் விட்டு எழுந்து போனாலும் கணக்கில் ஏறும். ஜூக்பாக்ஸ் காணொளியில் முழுதும் கேட்டவருக்கோ பாட்டுவாரியாக ஒன்றும் பதிவாகாது.

9. வழக்கமாக வரும் தகராறுகள்

ஒருவர் நாட்டில் மட்டும் ஆல்பம் இல்லை. உரிமை நாட்டுக்கு நாடு வேறு என்பதால் இது நடக்கும். அதற்காக எம்.பி.3 கோப்புகளைக் குழுவில் ஏற்றாதீர்கள், அது பதிப்புரிமை மீறல். நிறுவனமே ஏற்றிய யூடியூப் பக்கம் அங்கே திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஆல்பத்தை மாற்றிவிடுவதே சரி. அதனால்தான் சனிக்கிழமை குழுவில் போடும் முன், இணைப்பை வெள்ளிக்கிழமையே ஒவ்வொரு நாட்டுக்காரரிடமும் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

ராஜாவா ரகுமானா என்ற சண்டை. எந்த ஆல்பத்தில் தொடங்கினாலும் மூன்றாவது வாரம் இது வந்து சேரும். தடைவிதி போட்டுப் பயனில்லை. ஒப்பிடுபவர் இரண்டு பாட்டு எண்ணும் இரண்டு நேரமும் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள், மீதிப் பேரிடமிருந்து உருப்படியான ஒப்பீடு கிடைக்கும்.

நேரக்குறிப்பு ஒத்துப்போகவில்லை. பத்துக்கு ஒன்பது தடவை பதிப்பு வேறாக இருக்கும். மூன்றாவது படிக்குத் திரும்பிப் பாட்டின் மொத்த நீளத்தை ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் கேட்கவில்லை. கோபிக்க வேண்டாம், அவருடைய முறையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். தன் ஆல்பத்தை மற்றவர்கள் கேட்டுவிட்டு வரும் வாரத்தில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாவது வாரமும் சத்தமில்லையென்றால் அந்த இடத்துக்குப் புதியவரைச் சேர்த்து, அவரை முதல் மாதம் கேட்கவும் பதில் எழுதவும் மட்டும் விடுங்கள். ஐந்தாவது வாரம் அவர் முறை.